ஐம்பதுக்கு நூறு

பன்னிரண்டு வருடமாக
நகுரு நெடுஞ்சாலை பங்க்கில்
இரண்டாம் எண் பம்ப் என்னுடையது.
"சைபர் பாத்துக்கங்க" என்று
சொல்லிச் சொல்லி
லாரிக்காரர்களுக்கு
என் பெயரே சைபர்.
அம்மா வைத்தது ஞாக்கியோ.

நிலம் பார்க்கப் போன அன்றும்
கையில் டீசல் மணந்தது.
ஓல் கலோவுக்கு மேலே,
மேகம் இறங்கி வந்து
முட்டைக்கோசுகளின் மேல் உட்கார்ந்திருந்த இடம்.
கதோகோ தொப்பியைச் சரிசெய்துகொண்டு காட்டினார்:
"ஐம்பதுக்கு நூறு அடி.
கடை போடலாம்,
வாடகைக்கு நாலு அறை கட்டலாம்,
ஐந்து வருடத்தில் தார் ரோடு வந்துவிடும்."
உருளைக்கிழங்கு போடுவேன் என்றேன்.
"விற்கவா?"
தின்ன.

அரை லிட்டர் கேட்டு வந்து நிற்கும்
பதினாறு சக்கர லாரியைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.

சங்கத்தில் கடன் வாங்கினேன்.
மூன்று வருடத் தவணை.
சேமிப்பில் இருந்தது, தம்பி தந்தது,
விற்ற தையல் மிஷின்,
எல்லாம் சேர்ந்து ஃபோனில்
ஒரே ஒரு எண்ணாகிக் கிடந்தது.

சர்வேயர் முட்டிசோ டேப்பை இழுத்தார்.
யானைப்புல் வரிசையை எட்டியபோது
தொண்ணூற்று மூன்று.
திரும்ப இழுத்தார்.
தொண்ணூற்று மூன்றுதான்.
கதோகோ வானத்தைப் பார்த்தார்.
ஏழடி அங்கேயும் இல்லை.

நில வாரியம் மாதம் ஒருமுறைதான் கூடும்.
பெஞ்சில் வாங்குபவர்கள், விற்பவர்கள்,
எதற்கு வந்தோம் என்று தெரியாத ஒரு சேவல்.
எங்கள் முறை வந்தது.
"விற்பவரின் மனைவி எங்கே? சம்மதமா?"

வைரூரி எழுந்தாள்.
தலையில் சர்ச்சுக்குக் கட்டும் துணி.
"சம்மதம்" என்றாள்.
உட்காரவில்லை.
"அந்த ஏழடி என்னிடம் இருக்கிறது.
இவர் குடித்த வருடங்களில்
வருடத்துக்கு ஒரு சாண்
புல்லை இந்தப் பக்கம் மாற்றி நட்டேன்.
அந்தப் புல்லில்தான் ஒரு பசு.
அந்தப் பாலில்தான் பள்ளிக்கூடச் சம்பளம்.
இவர் கண்டுபிடிக்கவில்லை.
இன்று டேப் கண்டுபிடித்துவிட்டது."

யாரோ சிரித்தார்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.
கதோகோ தொப்பியைக் கழற்றி
அதற்குள் எதையோ தேடினார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார்:
"அம்மா, காகிதத்தில் நூறு.
உங்கள் ஏழடி உங்களுக்கு வேண்டுமா?"

பன்னிரண்டு வருடத்தில்
ஒரு சொட்டு குறைத்து ஊற்றியதில்லை நான்.
ஒரு சொட்டு விட்டதும் இல்லை.

தொண்ணூற்று மூன்று என்று எழுதுங்கள் என்றேன்.
பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம்.
ஏழடிக்கான பணத்தைக் கதோகோவிடம் கழித்தேன்,
ஷில்லிங் சுத்தமாக.
அந்தத் துண்டைத் தனியாக
அவள் பெயருக்கு எழுதும்வரை
மிச்சத்தை அனுப்பும் பொத்தானையும் அழுத்தவில்லை.
முட்டிசோ அதற்கும் ஒரு கூலி கேட்டார்.
பாதி நான், பாதி அவள்.

இப்போது ஞாயிறுகளில் பஸ் ஏறிப் போகிறேன்.
கறுப்பு மண், குளிர்ந்த மண்.
நகத்துக்குள் போய் உட்கார்ந்தால்
திங்கட்கிழமை டீசலுக்கும் அசைவதில்லை.
முதல் செடியைப் பிடுங்கியபோது
பதினொரு கிழங்கு,
ஒன்று மண்வெட்டி பட்டு இரண்டாகி.
வெட்டுப்பட்டதை அங்கேயே
மூன்று கல் கூட்டி வேகவைத்தேன்.
உப்பு மறந்துவிட்டேன்.
புல்லுக்கு அப்பாலிருந்து
ஒரு கை நீண்டு உப்பு தந்தது.

நீண்ட மழை ஓய்ந்ததும்
சும்மா ஒருநாள் அளந்து பார்த்தேன்.
தொண்ணூற்றிரண்டே கால்.

திரும்ப அளந்தேன்.

புல் புதிதாக நட்டிருந்தது,
வேர் இன்னும் பிடிக்கவில்லை,
மேலே ஈரம் காயவில்லை.
அந்தப் பக்கம் பசு அசைபோடும் சத்தம்.

முட்டிசோவின் எண் ஃபோனில் இருக்கிறது.
டேப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு
நாலரை மணி பஸ்ஸுக்கு நடந்தேன்.