முப்பது நாளில் எத்தனை இரவு

முதல் சுற்றுக்குப் போனபோது
கையில் காகிதம், அட்டை, இரண்டு பேனா.
ஓஷ் நகரத்து மினிபஸ்ஸின் கடைசி நிறுத்தம்,
அதற்கப்புறம் சேறு.
மாதிரி வீடு எண் நாற்பத்தேழு:
புருல்கான், வயது முப்பத்துமூன்று, தையல் பட்டறை.

'இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறார்கள்?'
விரல் மடக்கினாள்.
ஐந்து என்றாள். கொஞ்சம் யோசித்து, நான்கு.
மாஸ்கோவில் பனி வாருகிற தோக்தோசுனை
எந்த விரலில் வைப்பது என்று
என்னையே கேட்டாள்.
கையேடு, பக்கம் பதினொன்று:
ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர்
குடும்ப உறுப்பினர் அல்லர்.
படித்துக் காட்டினேன்.
அவன் ரப்பர் செருப்பு வாசலில்தானே கிடக்கிறது, என்றாள்.
செருப்புக்குக் கட்டம் இல்லை.

'அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை, ஒன்று முதல் ஐந்துவரை?'
'எந்த அரசாங்கம்? போன வாரத்ததா?'
இருவரும் சிரித்துவிட்டோம். மூன்று என்று போட்டேன்.
அந்த மூன்று ஒரு சிரிப்பு என்பது
பிஷ்கெக்கில் யாருக்கும் தெரியாது.
அங்கே அது சதவீதமாகிவிட்டது.

இரண்டாம் சுற்றுக்கு டேப்லெட் தந்தார்கள்.
பதில் போடாமல் அடுத்த பக்கம் திறக்காது.
புருல்கானுக்குப் பணமும் இப்போது போனில்தான்,
ஒரு மணிச் சத்தம், பச்சை எழுத்தில் தொகை.
முன்பு பணத்தோடு ஒரு பஸ் டிரைவர் வருவான்,
டீ குடிப்பான், ரொட்டி கேட்பான், பொய் சொல்வான்.
அவனிடம் கேட்கலாம்,
அவர் இளைத்துவிட்டாரா, இருமுகிறாரா என்று.
பச்சை எழுத்தை என்ன கேட்பது?
குறிப்புகள் பகுதியில் இதைத் தட்டினேன்.
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்கவில்லை.
'பச்சை எழுத்தை என்ன கே'
என்பதோடு நின்றது.

'வருமானம்: கூடியதா, குறைந்ததா, மாற்றமில்லையா?'
'ரூபிளைக் கேள்' என்றாள்.
ஓவர்லாக் மெஷின் நின்ற மூலையில்
நான்கு கால் தடம் மட்டும் இருந்தது.

மூன்றாம் சுற்றில் பூட்டு.
பக்கத்து வீட்டுக்காரர் வடக்கே கையைக் காட்டினார்,
மழை எந்தப் பக்கம் போனது என்பதைக் காட்டுகிற மாதிரி.
வாசலில் செருப்பில்லை.
எங்கள் துறையில் இதற்குத் தேய்மானம் என்று பேர்,
வண்டிச் சக்கரத்துக்குச் சொல்கிற அதே சொல்.
நூற்றுக்குப் பதினெட்டுவரை பாதகமில்லை,
எஞ்சியவர்களை ஆளுக்கு ஒன்றேகாலாக எண்ணிக்கொள்ளலாம்
என்றார் பேராசிரியர் சதிபால்தியேவ்.
நல்ல மனிதர். வயலில் தலையெண்ணி வளர்ந்தவர் அல்லர்.
அன்று திரும்பும்போது மினிபஸ்ஸில்
யார் அந்தக் கூடுதல் காலைச் சுமக்கிறார்கள் என்று
முகம் முகமாகப் பார்த்தேன்.

நான்காம் சுற்றுக்கு ஆள் தேவைப்படவில்லை.
இயந்திரம் போன் செய்யும், இயந்திரம் கேட்கும்.
கிர்கிஸ் மொழிக்கு என் குரலைப் பதிந்துகொண்டார்கள்,
இரண்டு நாள் வேலை, மூன்று மாதச் சம்பளம்.
இரண்டாம் நாள் எனக்கு ஜலதோஷம்.
பரவாயில்லை, இயல்பாக இருக்கிறது என்றார்கள்.

இது யெகாத்தரின்பர்க்.
கிடங்கில் இரவு ஷிப்ட், பார்சலில் ஸ்டிக்கர் ஒட்டுவது.
அறைக்கு ஆறு பெண்கள், மூன்று அடுக்குக் கட்டில்.
ஞாயிறு மத்தியானம் போன் அடித்தது.
'வணக்கம். நீங்கள் தற்செயலாகத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறீர்கள்.
கடந்த முப்பது நாளில்
எத்தனை இரவு உங்கள் வீட்டில் தூங்கினீர்கள்?
எண்ணை அழுத்தவும்.'

மூக்கடைத்த குரல்.
நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்துகிறாள்.
பதில் வராவிட்டால் கோபப்படாமல்
மறுபடி கேட்கிறாள்.
நான் பழக்கியதுதான்.

கீழ்க்கட்டிலில் இருந்து நஸ்கெத் கேட்டாள்:
'யாரு, வீட்டிலிருந்தா?'
ஆமாம் என்றேன்.

மூன்றை அழுத்தினேன்.
நன்றி, என்றாள்.
அடுத்த கேள்வி.