சாரம்

வலித்து வரவில்லை, சத்தம் கேட்டு வந்தேன்.

மார்சிலிங் வீட்டுத் தரையோட்டில்
டிக் டிக்கென்று ஏதோ என்னோடு நடந்தது.
பல்லி என்றேன். மங்கை, விசிறி என்றாள்.
உட்கார்ந்து பாதத்தைத் திருப்பினால்
வேலையிடத்துத் திருகாணி ஒன்று,
தலை மட்டும் வெளியே.
எத்தனை நாளாக இருக்கிறது என்றார் டாக்டர்.
அதைத்தான் கேட்கவேண்டும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பதினான்கு மாதம்.
சுண்டுவிரல் போனது. குழி போகவில்லை.
இரத்தத்தில் சீனி ஏறி ஏறி
புண்ணுக்கு மறதி வந்துவிட்டதாம்;
முதல்நாள் வீக்கத்திலேயே நின்றுகொண்டு
அடுத்து என்ன செய்வதென்று விழிக்கிறதாம்,
வேலைக்குப் புதிதாய் வந்த பையனைப் போல.

நொவீனாவில் ஓர் ஆய்வு. முப்பத்தொரு பக்கத் தாள்.
டாக்டர் லிம் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்ல
தாதி கயல்மொழி அதற்குத் தமிழ் தேடி
கூரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.
"சாரம்" என்றேன்.
சாரமென்றால் சாறில்லையா என்றாள்.
இருபத்தாறு வருடம் அதைத்தான் கட்டுகிறேன்,
துவாஸில், செங்காங்கில், பொங்கோலில்,
எனக்கா தெரியாது.

குளிர்பெட்டியிலிருந்து வந்தது
அகார் அகார் மாதிரி.
"சீனி போடாதது" என்றாள் கயல்மொழி.
முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்,
ஓடாமல் நிற்கப் பழகிய தண்ணீர்.
உள்ளே கண்ணுக்கெட்டாத குழாயும் கிளாம்ப்பும்;
அதில் தொற்றி ஏறக் குருத்தணுக்கள்.
எவருடையவை?
எங்கோ பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி.
பெயர் சொல்லமாட்டார்கள்.
என் பெயர் தனிக்கொடி.
இனி அப்படிச் சொல்வது சரியா என்று யோசித்தேன்.

அந்த அணுக்கள் என் தோலாக மாறாதாம்.
சில வாரம் இருக்கும், என் அணுக்களிடம்
சொல்லவேண்டியதைச் சொல்லும், செத்துவிடும்.
சாரமும் கரைந்துவிடும்.
இந்தக் கதை எனக்குப் பழசு.
செங்காங்கில் பதினெட்டு மாடிக்கும்
ரஃபிகுல்தான் கட்டினான், ரஃபிகுல்தான் பிரித்தான்.
பெர்மிட் முடிந்து அவன் பரிசால் போய்ச் சேர்ந்தபோது
அவன் நின்ற உயரத்தில் யாரோ
கழியில் பள்ளிச் சீருடை காயப்போட்டிருந்தார்கள்.

பன்னிரண்டு வாரம் காலை ஊன்றக்கூடாது.
ஐந்தாம் மாடி நடைவழியில் நாற்காலி போட்டு
எதிர் பிளாக்கில் சாரம் ஏறுவதைப் பார்த்தேன்.
குறுக்குக்கம்பி தப்பு.
கத்தினேன். கேட்கவில்லை.

இருபத்திரண்டாம் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தது,
அப்புறம்தான் ஊன்றிப் படித்தேன்:
பாதிப் பேருக்கு அணு இட்ட ஜெல்,
பாதிப் பேருக்கு வெறும் ஜெல்.
எதுவென்று எனக்குத் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது, கணினிக்குத் தெரியும்.

ஒன்பதாவது வாரம் குழியின் ஓரம் நகர்ந்தது.
பதினேழாவது வாரம் மூடிக்கொண்டது.
பத்துக் காசளவு, இளஞ்சிவப்பு, ரேகையில்லை;
என் வயது அதற்கில்லை.
தொட்டால் இன்னும் தெரியவில்லை.
நரம்பு வேறு சங்கதி என்றார் டாக்டர்.

இரவில் மங்கையின் கண்ணாடியைத் தரையில் வைத்து
டார்ச் அடித்துப் பாதத்தைப் படிக்கிறேன்.
வெறும் ஜெல்லாகவே இருந்திருக்கலாம்.
ஆளில்லாத சாரத்தில் என் பழைய அணுக்களே
பெல்ட் மாட்டாமல் ஏறியிருக்கலாம்.
இருந்தாலும்
எங்கோ இந்நேரம் நடக்கப் பழகும் ஒரு பிள்ளைக்காக
வீட்டுத் தரையை
இரண்டு தடவை பெருக்குகிறேன்.