கீ ரோஸ்ட்

ஷார்ஜா, ரோலா. வெள்ளிக்கிழமை, தொழுகை விட்ட நேரம்.
நாற்பது நாற்காலிக்கு அறுபது பேர்.
எக்ஸாஸ்ட் ஃபேன், பாத்திரத் தொட்டி, மிக்ஸி,
டிவியில் யாரோ கோல் போட்டுவிட்டான்,
யார் வீட்டுக் குழந்தையோ கரண்டியால் மேசையை அடிக்கிறது.
ஏழாம் மேசைப் பையன் வாயசைத்தான்.
ஈ ரோஸ்ட், என்று வந்தது எனக்கு.

முன்னால் நிற்கவேண்டிய மெய் வழியில் விழுந்துவிட்டது.
கீயா, பீஃபா?
ஏற்கெனவே இரண்டு முறை கேட்டாயிற்று.
மூன்றாவதற்கு முகம் மாறும்,
அது மட்டும் எந்த இரைச்சலிலும் எனக்குக் கேட்கும்.
ஊகித்தேன்.
நெற்றியில் திருநீறு இருந்ததைத்
தட்டை வைத்த பிறகுதான் பார்த்தேன்.

மொய்துக்கா கத்தவில்லை. அதுதான் பயம்.
தன் காசில் கிளினிக்குக்கு அனுப்பினார்.

கதவு மூடியதும் என் மூச்சே எனக்குப் பெரிதாகக் கேட்ட
சின்னக் கண்ணாடி அறை.
பீப் வந்தால் பொத்தான்.
கடைசியில் கொசு போல மெலிந்த ஒன்றிரண்டு தவிர
எல்லாவற்றுக்கும் அழுத்தினேன்.
ஐம்பத்தொன்பதுக்கு இது நல்ல காது, என்றாள்
பிலிப்பைன்ஸ் பெண், கோட்டுப் படத்தைக் காட்டி.
நல்லதுதான் அம்மா.
ஆனால் இந்த அறைக்கு யாரும் சாப்பிட வருவதில்லையே.

இப்போது உதடு பார்க்கிறேன்.
மீசை மூடிய வாய் என்றால் மெனுவை நீட்டி
விரலை வைக்கச் சொல்கிறேன்.
உயிர் தனித்து இயங்கும், மெய் இயங்காது என்று
ஐந்தாம் வகுப்பில் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.
சரிதான்.
ஆ, ஈ, ஓ என்று கடை முழுக்க உயிர்கள்.
எந்த உயிருக்கு எந்த உடம்பு என்று
தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி.
ஜனவரி, ஏசி வேண்டாத குளிர்.
எட்டுக் கட்டில் அறையில் விளக்கணைத்து ஒரு மணி நேரமாகிறது.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
புரோட்டா மாஸ்டர் புதுப்பையனிடம் கிசுகிசுக்கிறான்:
"பிச்சைக்கனி அண்ணனுக்குக் காது போச்சுடா.
ரம்ஜான் கழிஞ்சா வேற ஆளுன்னு பேச்சு."

க ச ட த ப ற.
ஒன்றுகூட உதிரவில்லை.
அத்தனை வல்லினமும் கல்லு கல்லாக.

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக் கிடந்தேன்.
பிறகு சொன்னேன்,
பாத்ரூம்ல குழாய் சொட்டுது,
யாராவது எந்திரிச்சு மூடுங்கடா.