இலக்கம் 212

குருமண்வெளித் துறையில் நின்றேன்.
பாதை மறுகரையில் கிடந்தது.
பையில் தராசு, மூன்று நிற நாடா,
ரப்பர் வைத்த பென்சில்.

ஆறாம் மாதம்: ஆறு கிலோ நூறு.
ஒன்பதாம் மாதம்: வீடு பூட்டு.
பன்னிரண்டு: பூட்டின் மேல் குளவிக்கூடு.
"இனிப் போகத் தேவையில்லை மிஸ்,
ஒன்பதைப் போடுங்க" என்றார் டொக்டர்.
ஒன்பதென்றால் தொடர்பு அறுந்தது.
ஆய்வில் அந்தப் பிள்ளை
இனிச் சாகவும் மாட்டாள், வளரவும் மாட்டாள்.

போட்டேன்.
இரவு பக்கத்து வளவுக்காரி போன் எடுத்தாள்:
"நிரோசினி வெல்லாவெளிப் பக்கம்
கல்லு வாடியில இரிக்காள்கா."

படுவான்கரை வெயில். சூளைப் புகை.
யதுமிகா தராசைக் கண்டதும் வீரிட்டாள்.
அழுகிற பிள்ளையை நிறுக்க ஒரு வழி உண்டு:
தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்று,
பிறகு தாயைக் கழி.

இருவருமாக நாற்பத்திரண்டு எண்ணூறு.
பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன்,
தோளில் களிமண் கை அப்பியது.
நிரோசினி தனியே ஏறினாள்.
முப்பத்தாறு.

மிச்சம் ஆறு எண்ணூறு.
நாடா மஞ்சளில் நின்றது.
ஒன்பதை அழித்தேன்,
தாள் கொஞ்சம் கிழிந்தது.

பதினொரு பக்கப் படிவத்தில்
முப்பத்தாறை எழுத ஒரு கூடு இல்லை.
கழிப்பதற்கு மட்டும் கேட்ட எண்.

"புள்ள கூடியிரிக்கா மிஸ்?"
"எழுநூறு கிராம்" என்றேன்.
ஆறு மாதத்தில் என்பதை விழுங்கிவிட்டேன்.

"நீ காலையில என்ன சாப்பிட்ட?"

கேள்விக்கொத்தில் இல்லாத கேள்வி.
சிரித்தாள்.
அச்சுக்குள் மண் அப்பப் போய்விட்டாள்.