மூன்று வீசம்

உப்பைத் தின்றவன் தண்ணி குடிக்கணும்.
என் டிரக் பதினோரு பனிக்காலம்
மார்க்வெட் நகரச் சாலைகளின் உப்பைத் தின்றது.
செவ்வாய்க்கிழமை, சர்ச் முனையில்
பெடல் தரைவரை போனது,
இருட்டில் இல்லாத படியை மிதித்த கால் மாதிரி.
யாரோ குவித்த பனிமேடு தடுத்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஆயிரத்து நூறு டாலர் என்றார்கள்.
எஃகுக் குழாய், இருபத்தைந்தடிச் சுருள், முப்பத்தெட்டு.
மூன்று வீசம் அங்குலம் தடிமன்.
இந்த ஒல்லியை நம்பியா
இரண்டு டன்னை இறக்கத்தில் விட்டேன்?

பழைய குழாய் கையோடு உதிர்ந்தது.
துண்டுகளை அட்டையில் வரிசைப்படுத்தி
வளைவுகளைக் கோட் மாட்டும் கம்பியில் நகலெடுத்தேன்.
பெயின்ட் டப்பாவைச் சுற்றி வளைத்தேன், மெதுவாக.
அவசரப்பட்டால் நசுங்கிவிடும்,
நசுங்கியதை எதுவும் நிமிர்த்தாது.

முனையை விரிப்பது இரண்டு அழுத்து.
முதலில் காளான்.
பிறகு காளான் உள்மடிந்து ஊமத்தம்பூ.
கோணல் இல்லை, கீறல் இல்லை.
விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
அப்புறம்தான் மேசையைப் பார்த்தேன்:
முதலிலேயே கோத்திருக்க வேண்டிய நட்டு
அங்கே உட்கார்ந்திருந்தது.

வெட்டினேன். ஒரு கட்டைவிரல் நீளம் போச்சு.
மறுபடி மறந்தேன்.
சொன்னால் நம்ப மாட்டீர்கள், மறுபடியும்.

காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்,
ஒருவர் மிதிக்க, ஒருவர் திறக்க.
பக்கத்து வீட்டு ஹாப்பாலாவோடு
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை,
அவன் தள்ளும் பனி என் வாசலில் குவிகிறதென்று
நகராட்சிக்கு நான் எழுதியதிலிருந்து.
கதவைத் தட்டினேன்.
பைஜாமாமேல் பூட்ஸ் மாட்டி வந்தான்.
"கால் மணி நேரம்தான், நீமி."

மிதி.
மிதிச்சாச்சு.
பிடி.
பிடிச்சிருக்கேன்.
விடு.

ஒரு மணி நேரம்
இந்த மூன்று சொல்தான் நான் அவனிடம் பேசியது.
டிரக்கின் அடியில் மல்லாந்து கிடந்து
தெளிந்த குழலில் குமிழிகளை எண்ணினேன்.
கடுங்காப்பி நிறம், பிறகு தேன் நிறம்,
பிறகு ஒரு குமிழிகூட இல்லாத தேன்.
பின்சக்கர இணைப்பில் மட்டும் ஒரு சொட்டு துளிர்த்தது.
அரைக்கால் சுற்று முறுக்கித் துடைத்தேன்.
விரல் காய்ந்தே வந்தது.
"இப்ப கல்லு மாதிரி இருக்கு," என்றான் மேலிருந்து.
காசு கொடுத்தேன், வாங்கவில்லை.
காப்பியும் வேண்டாமாம்.

இரவெல்லாம் பனி கொட்டியது.
காலையில் பார்த்தால் அத்தனையும்
வழக்கம்போல் என் பக்கம்.
டிரக்கை எடுத்தேன்.
நேரே அந்தக் குவியலை நோக்கி விட்டு
ஒரு சாண் முன்னால் மிதித்தேன்.

நின்றது.