பின்பக்கக் கண்ணாடி

கடையில் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டான்.
அது பரவாயில்லை.
செல்லைத் திருப்பிப் பார்த்து
"எப்டீங்ணா உடைஞ்சுது?" என்றும் கேட்டான்.
கைதவறி விழுந்துச்சு என்றேன்.
"விழுந்தா மூலைலதானுங் உடையும்.
இது நட்ட நடுவுல இருக்குதே."
வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு
கூரியரில் வந்தது புதுக் கண்ணாடி.
கேட்டது கறுப்பு. வந்தது நீலம்,
சாயப்பட்டறை ஓடையில் சில நாள் போகுமே அந்த நீலம்.
திருப்பி அனுப்பினால் எட்டு நாள் ஆகுமாம்.

கோகிலவாணி ஷிப்டுக்குப் போனபிறகு
லைன் வீட்டுக் கதவைச் சாத்தி
வெள்ளைப் பனியன் துணி விரித்து உட்கார்ந்தேன்.
என் செல்லில் ஒருவன் இந்தியில் சொல்லிக்கொண்டே போகிறான்:
எண்பது டிகிரி, அதற்குமேல் கூடாது,
பேட்டரி உப்பிக்கொள்ளும்.
எண்பது டிகிரி எனக்குத் தெரியாது.
பதினோரு வருசமாய் அயர்ன் டேபிளில் நிற்கிறேன்.
சிங்கிள் ஜெர்சி எதில் வாடும்,
லைக்ரா எதில் சுருளும்,
பிரிண்ட் எப்போது பிசுபிசுக்கும்,
அது உள்ளங்கைக்குத் தெரியும்.

எதிர்வீட்டு பார்லர் ஜெசிந்தாவிடம்
சித்த நேரத்துக்கென்று வாங்கிய ஹேர் ட்ரையர்.
உறிஞ்சு ரப்பர் நிற்கவில்லை,
விரிசல் வழியே காற்று போய்விடுகிறது.
முதுகு முழுக்கப் பேக்கிங் டேப் ஒட்டி
அதன்மேல் அமுக்கி இழுத்தேன்.
ஒரு மயிரிழை திறந்தது.
அதற்குள்
காலருக்கு வைக்கிற பிளாஸ்டிக் பட்டையை விட்டேன்.
சூடு, பட்டை. சூடு, பட்டை.
மூன்று பக்கம் சொன்னபடி கேட்டது.
நடுவில்தான்,
அடி வாங்கின இடத்தில்தான்
கண்ணாடி கண்ணாடியாக இல்லை,
கல்லுப்பாக இருந்தது.
ஊசியால் ஒவ்வொன்றாகக் கிள்ளினேன்.

அன்றைக்கு அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.
காங்கேயத்தில் மாடு கன்று போட்ட சங்கதி.
அதற்கா?
அதற்கில்லை.
ஆர்டர் இல்லையென்று
பாதிச் சம்பளம் கொடுத்த சனிக்கிழமை அது.
அவள் சிரித்தாள், செல்லுக்குள்.
பிடுங்கி
அடுப்பு மேடை விளிம்பில்
ஒரே அடி.
முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.
"அலோ, அலோ, லைன் கட்டாவுதா சாமீ" என்று
அவள் அம்மா அதற்குப் பிறகும்
கொஞ்சநேரம் பேசிக்கொண்டே இருந்தார்.

கறை எடுக்கிற ஸ்பிரிட்டால்
பழைய பசையைச் சுரண்டித் துடைத்தேன்.
கேமரா வளையத்தில் ஒரு தூசி. ஊதினேன்.
இன்னொரு தூசி வந்து உட்கார்ந்தது,
என் மூச்சிலிருந்துதான்.
பசையை ஓரமாய் இழுத்து, நீலத்தை வைத்து,
கொடியிலிருந்த துணி கிளிப் பதினாறையும் போட்டேன்.

கம்பெனி வேன் ஒன்றரைக்கு இறக்கிவிட்டது.
"இதென்னது, முள்ளெலியாட்டம்."
"விடியறவரைக்கும் தொடக் கூடாது."
"நீலமா இருக்குது."
"மாத்தி அனுப்பிட்டான்."
கை கழுவி வந்து குனிந்தாள்,
செக்கிங் டேபிளில் பீஸ் பார்க்கிற அதே பார்வை.
நகத்தை விளிம்போடு ஓட்டி
ஓரிடத்தில் நிறுத்தினாள்.
டேமேஜுக்கு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாளே, அதுபோல.
"இந்த முக்குல தூக்கிட்டு நிக்குது."
கிளிப் தீர்ந்துவிட்டது. தலையிலிருந்து
தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள்.

சோறு போட்டுக்கொண்டு,
தட்டைப் பார்த்தே சொன்னாள்:
"கம்பெனில கேட்டாங்க.
கைதவறி விழுந்துச்சுன்னு சொல்லியிருக்கறேன்."
பேசி வைத்துக்கொள்ளாமலே
இரண்டு பேரும்
ஒரே வார்த்தை.
கட்டைவிரலில் எங்கோ ஒரு கண்ணாடித் தூள்,
கண்ணுக்குச் சிக்கவில்லை.
தண்ணீர்ச் சொம்பை நீட்டும்போது குத்தியது.

"ஆறுக்கு எந்திரிக்கோணும்."
"நான் எழுப்பறேன்."
பதில் இல்லை. என் செல்லை எடுத்து
அலாரம் வைத்து
தன் தலையணைக்கடியில் செருகிப் படுத்தாள்.

அறை முழுக்கப் பசை வாசம்.
ஃபேனைக் கூட்டினால் போய்விடும்.
கிளிப் அசைந்துவிடுமோ என்று
கூட்டவில்லை.