சட்டைப்பை அளவு

சிம் லிம், மூன்றாம் மாடி.
கண்ணாடி மேசைமேல் நான்கு கணினி.
எந்த வேலைக்கு என்கிறார் டியோ.

நின்றுகொண்டே செய்கிற வேலைக்கு.
ஈசூனில் இருபத்தாறு மின்தூக்கி என் பொறுப்பு.
ஒரு கை டார்ச்சுக்குப் போனால்
மிச்சம் ஒரு கை.

முதலாவது அழகு.
என் கட்டைவிரல் பட்டால்
மூன்று எழுத்து சேர்ந்து விழுகிறது.
அடுத்ததன் பேட்டரி
மதியச் சோறுவரை தாங்காது,
டியோவே ஒப்புக்கொள்கிறார்.
மூன்றாவதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
குழிக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்தேன்.
நல்லவேளை, அவர் கை முந்தியது.

நான்காவது யாரோ வைத்திருந்தது.
மூலையில் கீறல்.
தமிழ் வருமா?
வரும் வரும்.
எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்.
ஒற்றைக் கையில் பிடித்து
அன்றாடம் ஐம்பது தடவை எழுதும் சொல்லை
எழுதிப் பார்த்தேன்:
பழுது.
ழ வந்தது.

இருபது வெள்ளி குறைத்தார்.

கீழே இறங்க மின்தூக்கி.
கதவு மூடுவதை எண்ணினேன்,
ஆறு விநாடி. இரண்டு அதிகம்.
இந்தக் கட்டடம் என் கணக்கில் இல்லை.
குறித்துக்கொண்டேன்,
புதுசாயிற்றே.